ஆடிக்குப் போனவள்

திங்கட்கிழமை என்றாலே எனக்கு ஆகாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியூரிலிருந்து வந்து குடித்துக் கும்மாளம் போட்டவர்கள் படுத்துப் புரண்ட படுக்கை விரிப்புகளை லாட்ஜுக்காரர்கள் திங்கள் காலையில்தான் மூட்டை கட்டிப் பின்வாசலில் போடுவார்கள். அவற்றைக் குட்டியானை வண்டியில் அள்ளிக்கொண்டு போய் உழவர்கரை லாண்டரியில் இறக்குவது என் பிழைப்பு. பெயர் தணிகாசலம். வீடு முதலியார்பேட்டையில்.

அந்த மூட்டைக்குள் என்னதான் இருக்காது. வாந்தி இருக்கும், ஒயின் கறை இருக்கும், பிரியாணி எண்ணெய் இருக்கும், வாயால் சொல்லக் கூசுகிற மற்றதெல்லாம் இருக்கும். தலையணை உறையை எடுத்துச் செருப்பைத் துடைத்திருப்பான். வெள்ளைத் துண்டில் மீன் குழம்புக் கையைத் துடைத்திருப்பாள். அவரவர் வீட்டில் இப்படிச் செய்வார்களா என்று கேட்டால் செய்ய மாட்டார்கள். துவைக்கிறவன் முகம் தெரியாது என்கிற தைரியம். மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை விட்டுப் போனது இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

அந்த மூட்டைகளைப் பிரித்துக் கறைக்குத் தகுந்தபடி தனித்தனியாகப் போடுகிறவன் உழவர்கரைக்காரனான ராஜவேல். கறையோடு அப்படியே மிஷினில் போட்டால் ஒன்றிலிருப்பது எல்லாவற்றிலும் ஏறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கையால் விரித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். வாந்தி பட்டதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, ஒயின் பட்டதை உப்பு போட்டு ஊறவைத்து, ரத்தம் பட்டதைச் சுடுதண்ணீர் பக்கமே கொண்டுபோகாமல் வைப்பான். முகத்தைச் சுளிக்கவே மாட்டான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

"மூக்குல ஒரு துணியாவது கட்டேன்டா" என்பேன்.

"கட்டினா மூச்சு முட்டுதுண்ணே. செத்த நேரம் போனா ஒண்ணும் தெரியாது."

அவன் அம்மா அஞ்சலாட்சி, பையன் ஓட்டல் லைனில் சூப்பர்வைசர் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பத்துப் பிள்ளை கண்டவன் அழுக்கைத் துவைக்கிறான் என்று வெளியே தெரியக்கூடாதாம். தவளக்குப்பம் சின்னக்கண்ணு தன் மகள் கார்குழலியைக் கொடுத்ததும் அந்த சூப்பர்வைசருக்குத்தான். வைகாசியில் கல்யாணம். பெண் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். நிறம் கொஞ்சம் மட்டு, பேச்சு சுத்தம்.

உண்மை தெரிய ஒரு வாரம் கூட ஆகவில்லை. மனிதன் பொய் சொல்லலாம், மேலே அடிக்கிற பிளீச்சிங் வாடை சொல்லுமா? கேட்டாள், சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் வேலை விட்டுப் போனால் வெளியிலேயே வாளியும் தண்ணீரும் வைத்துவிடுவாளாம். குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

"தள்ளித் தள்ளிப் படுக்குறாண்ணே" என்று வண்டியில் வரும்போது ஒருநாள் சொன்னான்.

"நானா இருந்தா உன்ன ஊட்டுக்குள்ளவே உடமாட்டேன்" என்றேன். சிரித்தான். வேறென்ன செய்வான்.

அவள் மனம் மாறியது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குச் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்துவிட்டான். கடைக்கு லீவு போட்டிருந்த கார்குழலி கேரியரை எடுத்துக்கொண்டு லாண்டரிக்கே வந்துவிட்டாள். ஷெட்டு வாசலில் வந்து நிற்கிறாள், உள்ளே இவன் மூட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு எவனோ கக்கி வைத்ததை அலசிக்கொண்டிருக்கிறான். பெண் திரும்பிப் பார்க்காமல் ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், அவன் கையையே பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் பிளீச்சிங் தின்று வெள்ளை வெள்ளையாகத் தோல் கிழிந்து கிடந்தது.

"இந்தக் கையாலயா தெனம் சோறு திங்கறீங்க?" என்றாள்.

"கழுவிட்டுத்தான் திங்கறேன்" என்றான் இந்த மடையன்.

அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்குக் கேரியரைத் திறந்து அவளே பிசைந்து ஊட்டிவிட்டாள். சுண்டைக்காய் வற்றல் குழம்பும் முட்டைப் பொரியலும். மிஷின்காரன், இஸ்திரிக்காரன் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று இவன் நெளிந்தான். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த நாள் முதல் கையில் தேங்காயெண்ணெய் மினுமினுக்க வந்தான். அதற்கடுத்த வாரம் ரப்பர் கையுறை. கிழிந்தால் மறுநாளே புதிது வரும். ராத்திரியில், "இன்னிக்கு மூட்டையில என்னா வந்துச்சி?" என்று கேட்பாளாம். ஒருநாள் யாரோ கிழவருடைய பல்செட்டு வந்தது. அதைச் சொல்லி இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்துக் கிடந்ததில் வெளியே படுத்திருந்த அஞ்சலாட்சி எழுந்து வந்து கதவைத் தட்டித் திட்டினாளாம்.

அப்படித்தான் அந்தக் கல்யாணம் கல்யாணமானது. ஊர் அழுக்கை நடுவில் போட்டுக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஆடி பிறந்தது.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லோரும் செய்கிறதுதான். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். சின்னக்கண்ணுவும் பெண்டாட்டி லட்சுமியும் தட்டு, பழம், பூவோடு வந்தார்கள். வேட்டி சேலை வைத்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள், பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு குறையும் இல்லை. திரும்பி வருவது எப்படி என்று மட்டும் இரண்டு பக்கமும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரவர் வழக்கம்தான் உலகத்துக்கே வழக்கம் என்று இருந்துவிட்டார்கள்.

ஆவணி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பெண் வரவில்லை. அஞ்சலாட்சி என்னைக் கூப்பிட்டாள்.

"தணிகாசலம், நீ அந்தப் பக்கம் வண்டி ஓட்டுறவன். நான் சொன்னன்னு சொல்லாத. சும்மா போறாப்புல போயி என்னா சேதின்னு கேட்டுக்கினு வா."

"ராஜவேலப் போயி அழச்சிக்கினு வரச் சொல்லுங்களேன்."

"அவன் எதுக்குப் போறான்? அழச்சிக்கினு போனவங்கதான கொண்டாந்து உடணும். எங்க வழக்கம் அது. நாம போயி வாசல்ல நின்னா நமக்குப் பொண்ணு கெடைக்காம அலையறாப்புல இருக்கும்."

தவளக்குப்பம் கூட்ரோட்டில் சின்னக்கண்ணு தன் தோட்டத்துக் கத்திரிக்காய், வெண்டைக்காயைக் கோணியில் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பார். போனேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"மவள எப்ப கொண்டாந்து உடறீங்க?" என்றேன்.

"நாங்க எதுக்கு உடறோம்?" என்றார். "மாப்ள ஊட்டுக்காரங்க நல்ல நாளாப் பாத்து, தட்டு வச்சி அழச்சிக்கினு போவணும். காலங்காலமா எங்க ஊட்ல அதான். நாங்களாக் கொண்டும்போயி உட்டா, தொரத்தி உட்டுட்டாங்கன்னு அர்த்தம் பண்ணுவாங்க. எங்க பொண்ணு என்னா வெல போவாத சரக்கா?"

"அவங்க ஊட்ல வேற மாதிரி சொல்றாங்க."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. இதுல எறங்கிப் போனா அப்புறம் எல்லாத்துலயும் எறங்கிப் போவணும்."

ஒரு பை வெண்டைக்காயைக் கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர்தான். இரண்டு வீட்டிலுமே வெளியே பார்த்தால் நல்ல மனிதர்கள்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். உழவர்கரைக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவில் எத்தனையோ பஸ் ஓடுகிறது. ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கினால் முடிகிற காரியத்துக்கு இரண்டு வீடும் ஆளுக்கொரு பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

"நீயாவது போய்த் தொலையேன்டா" என்று ராஜவேலைத் திட்டினேன்.

"அம்மாவப் பத்தி ஒனக்குத் தெரியாதுண்ணே. அவங்க கல்யாணம் ஆன புதுசுல ஆடி முடிஞ்சி தானா பஸ் ஏறி வந்துட்டாங்களாம். அதச் சொல்லியே அவங்க மாமியா, எங்க ஆயா, சாவற வரிக்கும் குத்திக்கினு இருந்திச்சி. தானா வந்தவ, தானா வந்தவன்னு."

"அந்த வலி தெரிஞ்சவங்களா இத இன்னொருத்திக்குச் செய்யறாங்க?"

அவன் அடுத்த மூட்டையை இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தான்.

கார்குழலி தினமும் பஸ்ஸில் நேரு வீதிக் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜவேலை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்துவேன். அவள் வருவாள். முன்சீட்டில் இருவரும் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். நான் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு வெளியே நிற்பேன். வாய்க்கால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அவர்களுக்கு அது தெரிந்தமாதிரியே இல்லை. மழை வந்தால் நான் டீக்கடைக்குப் போய்விடுவேன், வண்டிக் கண்ணாடியெல்லாம் புகை படிந்ததுபோல் மூடிக்கொள்ளும். தாலி கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் திருட்டுக் காதலர்கள் மாதிரி அழுக்கு மூட்டை வண்டியில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றார்கள்.

"நாளைக்கு என்னா செய்யட்டும்?" என்று இறங்கும்போது அவள் கேட்பாள்.

"எதுனா" என்பான்.

"எதுனான்னு ஒரு கொழம்பு இல்ல. பேர் சொல்லுங்க."

"காரக்கொழம்பு."

அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. அதற்கே அவன் முகம் சாயந்திரம் வரை ஒரு தினுசாக இருக்கும்.

அதையும் எவனோ உறவுக்காரன் பார்த்துவிட்டு அஞ்சலாட்சியிடம் போட்டுக் கொடுத்தான். அன்று சாயந்திரமே மகனை மாரியம்மன் கோவிலுக்கு இழுத்துப் போனாள். கற்பூரத்தைக் கொளுத்தி, "கொண்டாந்து உடற வரிக்கும் அவ மூஞ்சில முழிக்கமாட்டன்னு சத்தியம் பண்ணு" என்றாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் கையில் கொப்புளத்தோடு வேலைக்கு வந்தான். எனக்குத் தொண்டை வரை கெட்ட வார்த்தை வந்தது.

"அடிச்சிட்டு வந்து நிக்கறியே, வெக்கமா இல்லியா?"

"கோயில்ல நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்கண்ணே. அம்மா அழுவுறாங்க. என்னா பண்ண?"

ஒரு வாரம் சத்தியத்தைக் காப்பாற்றினான். வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்த விடவில்லை. அவள் டப்பாவோடு வந்து நின்றுவிட்டுப் போவாளாம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வண்டியில் ஏறியதும், "அண்ணே, எங்கனா ஒரு ரூம் எடுக்கலாமா?" என்றான். "சத்தியம் போனா போவுது. சாமி என்னப் பாத்துக்கட்டும்."

அவளையும் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு, நாங்கள் தினமும் மூட்டை எடுக்கிற ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறவர். இரண்டு பேருடைய ஆதாரையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லோக்கல் அட்ரஸுக்கு ரூம் கிடையாது, தணிகாசலம். முதலாளி ஆர்டர்."

"புருசன் பொண்டாட்டிங்க சார். ராஜவேல ஒங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். பொண்ணு அட்ரஸ் தவளக்குப்பம்னு இருக்கு, பையன் அட்ரஸ் உழவர்கரைன்னு இருக்கு. உள்ளூர்ல வீடு வச்சிக்கிட்டு எதுக்கு ரூமு? நாளைக்கு எவனாவது வந்து சண்ட போட்டா நானா பதில் சொல்றது?"

கார்குழலி தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"இதெல்லாம் கடையிலயே விக்குதும்மா" என்றார் அந்த மனிதர். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அதே நேரம் நாலைந்து வெளியூர்ப் பையன்கள், பகல் மூன்று மணிக்கே நிற்க முடியாமல், சாவி வாங்கிக்கொண்டு படியேறினார்கள். ஒருத்தன் கார்குழலியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான். அவர்கள் கக்கப்போவதை அலசிப் போட ராஜவேல் வேண்டும். அவன் படுக்க அங்கே ஒரு பாய் கிடையாது. இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் வந்து படுக்கலாம், ஊர்க்காரனாக மட்டும் இருக்கக்கூடாது. அந்த மேனேஜரின் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி துர்காவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டாள்.

"நம்ம ஊட்டுச் சாவிய அவங்ககிட்ட குடுங்க" என்றாள் பிறகு. "ஞாயித்துக்கெழம நாம என் தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு சாயந்திரமா வரலாம்."

"அக்கம்பக்கம் என்னா சொல்லும்?"

"சொல்றவங்க வந்து நம்ம ஊட்டுப் பாத்திரம் தேய்க்கறாங்களா?"

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒற்றை அறை வீட்டைச் சாவியோடு கொடுத்துவிட்டுப் போவோம். துர்கா துவைத்த விரிப்பொன்று போட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் வைத்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது வீடு பெருக்கியிருக்கும், விரிப்பு அலசிக் கொடியில் காயும். ஒருமுறை சோறு வடித்து எங்களுக்கும் மூடி வைத்திருந்தாள் அந்தப் பெண்.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. தலைதீபாவளி. மாப்பிள்ளையை வந்து முறையாக அழைக்கவில்லை என்று அஞ்சலாட்சி. பெண்ணை வந்து அழைக்காதவர்களுக்கு அழைப்பு ஒரு கேடா என்று சின்னக்கண்ணு. ராஜவேல் தீபாவளியன்று காலையில் லாண்டரியில் இருந்தான். லீவுக் கூட்டம், மூட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. புதுச்சட்டை கூடப் போடவில்லை.

கார்த்திகையில் விஷயம் வெடித்தது. கார்குழலிக்கு இரண்டு மாதம் நாள் தள்ளிவிட்டது. லட்சுமி கண்டுபிடித்துக் கேட்க, அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சின்னக்கண்ணு சந்தோஷப்படுவதா அவமானப்படுவதா என்று தெரியாமல் ஆள் அனுப்பினார். அஞ்சலாட்சி சொல்லி அனுப்பிய பதிலை நான் எழுதுவதற்கே கூசுகிறேன். என் பிள்ளை ஆடியிலிருந்து அவள் பக்கம் போகவில்லை, கற்பூரம் அடித்திருக்கிறான், அந்தப் பிள்ளைக்கு அப்பன் யாரென்று அவர்கள் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளட்டும் என்றாள்.

"நீ வாயத் தொறந்து சொல்லலியா?" என்று ராஜவேலின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"சொல்ல வாயெடுத்தண்ணே. நெஞ்சப் புடிச்சிக்கினு படுத்துட்டாங்க."

"அவங்க படுத்தா நீயும் படுத்துடுவியா? அங்க ஒருத்தி வயித்துல புள்ளயோட நிக்கறாடா."

பேசித் தீர்க்க ஒரு நாள் வைத்தார்கள். எங்கே வைப்பது என்று அதிலும் தகராறு. இவர்கள் வாசலை அவர்கள் மிதிக்க மாட்டார்கள், அவர்கள் வாசலை இவர்கள் மிதிக்க மாட்டார்கள். கடைசியில் நடுவில் இருக்கிற முதலியார்பேட்டை, அதிலும் என் வீடு என்று முடிவாயிற்று. அந்த அறையைத் தவிர இந்த உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை அவர்களுக்கு. துர்கா பாய் விரித்துப் போட்டபோது என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவும் முடியவில்லை.

அஞ்சலாட்சி தன் அண்ணனோடு வந்து ஒரு சுவர்ப் பக்கம் உட்கார்ந்தாள். சின்னக்கண்ணுவும் லட்சுமியும் எதிர்ச் சுவர். கார்குழலி தாய்க்குப் பின்னால். ராஜவேல் வாசற்படி ஓரம், தலையைக் குனிந்துகொண்டு. துர்கா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். யாரும் முதலில் குடிக்கவில்லை.

"வைகாசில கல்யாணம்" என்று அஞ்சலாட்சி விரலை மடக்கினாள். "ஆடி ஒண்ணாந் தேதி போனவ. ஆடி, ஆவணி, பொரட்டாசி, அப்பிசி. இன்னிக்குக் கார்த்திய. இவ ரெண்டு மாசம்னு சொல்றா. கணக்கு எங்க இடிக்கிதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

"நாக்க அடக்கிப் பேசுங்க, சம்மந்தியம்மா" என்றார் சின்னக்கண்ணு.

"நான் எதுக்கு அடக்கணும்? டவுனுக்கு வேலைக்கி அனுப்புனீங்களே, அங்க யாரு யாரக் கண்டாளோ."

அவள் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசியாக எப்போது குளித்தாள், எந்தத் தேதி என்று லட்சுமியைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். வெற்றிலை போட்ட வாய். ஒரு பெண்ணின் உடம்பை நடுவீட்டில் போட்டு நாலு பேர் விரல் மடக்கி அளந்தார்கள். நான் எத்தனையோ திங்கட்கிழமை மூட்டை பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அசிங்கத்தை ஒரு மூட்டையிலும் பார்த்ததில்லை. எழுந்து உண்மையைக் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். துர்கா கண்ணாலேயே என்னை உட்காரவைத்தாள். சொல்லவேண்டியவன் நீ இல்லை என்று அர்த்தம்.

கார்குழலி ராஜவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவன் நிமிரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் வெளுத்தது. காபி வாடையோ, அந்தப் பேச்சோ, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் குமட்டிவிட்டது. பெரியவர்கள் எல்லோரும் சேலையையும் வேட்டியையும் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினார்கள். பெற்ற தாய்கூட ஒரு கணம் பின்வாங்கினாள்.

ராஜவேல் எப்படி வந்தான் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் சேர்த்து அவள் வாய்க்கு நேரே பிடித்துவிட்டான். கை நிறைந்து மணிக்கட்டில் வழிந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. "வரட்டும், வரட்டும், அடக்காத" என்றான். அவள் முடித்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயைத் துடைத்தான். தலைமுடியை ஒதுக்கிவிட்டான்.

"தொடாதடா" என்றாள் அஞ்சலாட்சி. "கற்பூரம் அடிச்சிருக்க."

"அடிச்சேன். அடிச்ச பொறகுதான் தொட்டேன்" என்றான். "இதே ஊட்லதான். நீ குந்திக்கினு இருக்கற எடத்துலதான். பொய்ச் சத்தியம் பண்ணவன் நானு. எந்தச் சாமி கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். அது என் புள்ள. இனிமே அவளப் பத்தி யாரும் வெரல மடக்கக் கூடாது."

அஞ்சலாட்சி உட்கார்ந்த இடத்தைச் சட்டென்று பார்த்துக்கொண்டாள். கார்குழலி அவன் தோளில் ஒரு குத்து விட்டாள், வலிக்கிற மாதிரியே.

"இதச் சொல்ல இவ்ளோ நேரமா?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

இதோடு கதை முடிந்தது, அவமானப்பட்டு எழுந்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அஞ்சலாட்சியின் அண்ணன் ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சரி, ஆனது ஆச்சி. நம்ம ஊட்டு வாரிசுன்னு தெரிஞ்சி போச்சி. எப்பிடியும் ஏழாம் மாசம் வளகாப்பு போட்டுத் தாய் ஊட்டுக்குத்தான் அனுப்பப் போறோம். நடுவுல எதுக்கு இங்கயும் அங்கயும்? பொண்ணு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். யாரும் கொண்டாந்து உடவும் வேணாம், யாரும் போய் அழைக்கவும் வேணாம்."

"இது ஞாயமான பேச்சி" என்று சின்னக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு வீடும் ஒத்துப்போனது, அந்த இரண்டு பேரையும் பிரித்து வைக்கிற விஷயத்தில்.

"எனக்கும் சம்மதம்தான்" என்றாள் அஞ்சலாட்சி. "ஆனா புள்ள பொறந்த பொறகு அவங்கதான் கொண்டாந்து உடணும்."

"அதெப்பிடி? புள்ளப் பெத்தவள வந்து அழைக்கறதுதான மொற?"

மறுபடி ஆரம்பித்தார்கள். துர்கா அவர்களைத் தாண்டிப் போய்க் கார்குழலியின் அருகில் குனிந்தாள்.

"பின்னால தெருவுல பெர்னதெத் அம்மா மாடி ரூமு காலியா கெடக்கு. போன வாரமே சொல்லி வச்சிருக்கேன். தகரக் கூரதான், வெயில் அடிக்கும். ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

கார்குழலி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொண்டுவந்திருந்த கைப்பையை ராஜவேலிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"எங்கம்மா கெளம்பற?" என்றார் சின்னக்கண்ணு.

"எம் புருசங்கூடப்பா."

"எந்த ஊட்டுக்கு?" என்றாள் அஞ்சலாட்சி.

"ரெண்டு ஊட்டுக்கும் இல்ல, அத்த" என்றாள் கார்குழலி. மரியாதையாகத்தான் சொன்னாள். "இவரு ஆறு மணிக்கி வேல முடிஞ்சி வர்றப்ப, யாரும் கொண்டாந்து உடமாட்டாங்க. தானா வருவாரு. நானும் அங்கதான் இருப்பேன்."

அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். 'தானா' என்கிற சொல் அவளை எங்கே தொட்டதோ, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம் அவள்மேல் எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. உடனே போய்விட்டது.

வெளியே தூறல். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன். வாந்தி எடுத்த பெண், வயிற்றில் பிள்ளை, தெரு முழுக்கச் சேறு.

"ஏறுங்க, செத்த நேரத்துல கொண்டும்போயி உடறேன்" என்று கதவைத் திறந்தேன்.

கார்குழலி நின்றாள். ராஜவேலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேணாண்ணே. நீங்க கொண்டாந்து உட்டதா ஆயிடும். நடந்தே போறோம்."

அவன் கையிலிருந்த துண்டை அவள் தலையில் போட்டான். இருவரும் சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார்கள். அவர்கள் திருப்பத்தில் மறைகிற வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். இரண்டு கூட்டமும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதலில் எழுந்து போகிறவர் இறங்கிப் போனதாக ஆகிவிடுமாம்.